தாவும் கர்சரும் என் ஆய்வேடும்

நீண்ட பதிவு. மடிக்கணினியில் தமிழ் எழுதுவோரும், குறிப்பாக ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்போரும், பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

சென்ற மாதம் என் நெறியாளர் மூன்றாம் இயலின் அச்சுப்படியைத் திருப்பித் தந்தார். அவர் பென்சிலால் மட்டுமே திருத்துபவர். பக்கந்தோறும் வழக்கமான சுழிப்புகள், வினாக்குறிகள், ‘சான்று?’ என்னும் ஓரக்குறிப்புகள். ஒரு பக்கத்தில் மட்டும் வாக்கியம் ஒன்றை முழுமையாக வட்டமிட்டிருந்தார். அருகில் எதுவும் எழுதவில்லை. நான் அந்தப் பக்கத்தை அடைந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, “ஏம்மா, இந்த வாக்கியம் யாருடையது?” என்று கேட்டார்.

படித்துப் பார்த்தேன். என்னுடையதன்று. சுவடிப் பதிப்பு வரலாற்றைப் பற்றி மூத்த அறிஞர் ஒருவர் எழுதிய நூலிலிருந்து நான் எடுத்தாண்ட வாக்கியம் அது. தொடக்கத்தில் மேற்கோள்குறி இருந்தது, முடிவில் இல்லை. அடிக்குறிப்பு எண்ணும் இல்லை. அவ்விரண்டும் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ‘த’ என்னும் ஒற்றை எழுத்துப் பொருளற்று நின்றது.

“ஐயா, இதற்கு அடிக்குறிப்பு இட்டிருந்தேன்.”

“இட்டிருந்தால் எங்கே போயிற்று?”

என்னிடம் விடையில்லை. அறைக்குத் திரும்பி, மூன்று வாரங்களுக்குமுன் எனக்கு நானே மின்னஞ்சலில் அனுப்பி வைத்திருந்த பழைய வரைவைத் தேடி எடுத்தேன். அதில் மேற்கோள்குறி இருந்தது, அடிக்குறிப்பும் இருந்தது. இரு படிகளையும் வேர்டு மென்பொருளின் ஒப்பிடும் வசதியில் இட்டுப் பார்த்தபோது உண்மை தெளிந்தது. அந்த வாக்கியத்துக்கு ஆறு வரி கீழே ‘பதிப்பித்த’ என்று நான் எழுதியிருக்க வேண்டிய சொல் ‘பதிப்பித’ என்று நின்றது. அங்கே விழ வேண்டிய இரண்டாவது தகரம் மேலே பாய்ந்து, மேற்கோள்குறியையும் அடிக்குறிப்பு எண்ணையும் தின்றுவிட்டு, அவை இருந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

இதைச் செய்தது என் வலக்கைப் பெருவிரலின் அடிச்சதை. மடிக்கணினியின் டச்பேடை அது உரசியிருக்கிறது. தொடுதளம் என்று அழகாக எழுதலாம். ஆயின் கடைக்காரரும் பழுதுபார்ப்பவரும் நானும் டச்பேட் என்றே சொல்கிறோம். முதல் உரசல் சொடுக்காகவும், உடனே தொடர்ந்த இரண்டாவது உரசல் இழுத்துத் தேர்ந்தெடுப்பதாகவும் கணினிக்குப் புரிந்திருக்கிறது. அந்நேரம் திரையில் மவுஸ் அம்பு எங்கே சும்மா நின்றதோ, அங்கிருந்த எழுத்துகள் தேர்வாயின. தேர்வான பகுதியின்மேல் அடுத்த விசை விழுந்ததும் அப்பகுதி அழிந்து, அழுத்திய எழுத்து அங்கே வந்தது. திரையில் ஏதோ தாவியதை நான் கண்டிருப்பேன். கர்சரைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து வேலையைத் தொடர்ந்திருப்பேன். நாளொன்றுக்குப் பத்து முறை நடப்பது. ஒவ்வொரு தாவலுக்கும் எழுந்து நின்று கணக்கெடுப்பவர் யார்?

இதில் என்னை அச்சுறுத்தியது ஒன்று உண்டு. வேர்டில் அடிக்குறிப்பு எண் அழிந்தால், அதனுடன் பக்கத்தின் அடியிலுள்ள குறிப்பும் அழிந்துவிடும். பின்வரும் எண்கள் யாவும் தாமே ஒன்று குறைந்து ஒழுங்காக நின்றுகொள்ளும். 31க்குப்பின் 33 என்று வந்தால் கண்ணுக்குப் படும். அப்படி வராது. 32 என்ற எண் வேறொரு குறிப்புக்கு உரியதாகி அமைதியாக நிற்கும். வசதிக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இழப்பின் தடத்தையே துடைத்துவிடுகிறது. தொடக்க மேற்கோள்குறி தப்பி நின்றதால் என் நெறியாளரின் கண் அங்கே தங்கியது. அதுவும் போயிருந்தால் பிறர் வாக்கியம் என் வாக்கியமாகவே ஆய்வேட்டில் அமர்ந்திருக்கும்.

அதன் பொருள் ஆய்வாளர்களுக்குத் தெரியும். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட கருத்துத் திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காட்டைக் கடந்தால் திருத்தித் தர வேண்டும். 40ஐக் கடந்தால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். 60ஐக் கடந்தால் பதிவே நீக்கப்படும். ஒரு வாக்கியத்தால் யாரும் 10 விழுக்காட்டை எட்டுவதில்லை என்பது உண்மை. ஆயினும் விழுக்காடு கணக்கிடும் மென்பொருளுக்குத்தான் அளவு. வாய்மொழித் தேர்வில் எதிரே அமர்ந்து, “இது இன்னாருடைய வாக்கியமாயிற்றே” என்று கேட்கும் தேர்வாளருக்கு ஒரு வாக்கியமே போதும். அவரிடம் போய், ‘ஐயா, என் பெருவிரல் டச்பேடில் பட்டுவிட்டது’ என்றா சொல்வது? வீட்டுப்பாடத்தை நாய் தின்றுவிட்டது என்று சொல்லும் சிறுபிள்ளையைவிட அது எவ்வகையில் மேல்?

இதை நண்பர்களிடம் சொன்னபோது பெரும்பாலோர் சிரித்தனர். ‘கையைத் தூக்கித் தட்டச்சு செய்’ என்றார் ஒருவர். அந்த அறிவுரையை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. பள்ளி விடுமுறையில் எங்கள் ஊர்த் தட்டச்சுப் பயிலகத்தில் லோயர் தேர்வுக்குப் பயின்றவள் நான். அங்கே மணிக்கட்டு தாழ்ந்தால் ஆசிரியர் அடிக்கோலால் மெல்லத் தட்டுவார். தட்டச்சுப்பொறியில் கை சாய்க்க இடமுமில்லை. அங்கே எழுத்து விழும் இடம் உருளை நிற்கும் இடம். கையால் தள்ளாமல் அது வேறெங்கும் போகாது. தவறான எழுத்து விழலாம். தவறான பக்கத்தில் எழுத்து விழாது.

மடிக்கணினியோ கையைச் சாய்க்கச் சொல்லியே செய்யப்பட்டிருக்கிறது. தொடக்ககாலக் கையடக்கக் கணினிகள் பலவற்றில் விசைப்பலகை முன்விளிம்பு வரை வந்திருந்தது. 1991இல் ஆப்பிள் நிறுவனத்தின் பவர்புக் கணினிகள் விசைப்பலகையைத் திரையை ஒட்டிப் பின்னுக்குத் தள்ளி, முன்னே உள்ளங்கை சாயத் திண்ணைபோல் இடம் விட்டு, அதன் நடுவில் ஓர் உருளைப் பந்தை வைத்தன. 1994இல் வந்த பவர்புக் 500 வரிசையில் அந்தப் பந்தின் இடத்தை டச்பேட் பிடித்தது. பிறகு ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் அவ்வமைப்பையே கைக்கொண்டன. உருளைப் பந்தை உள்ளங்கை உரசினால் அம்பு சற்று நகரும். சொடுக்கு விழாது, ஏனெனில் சொடுக்குவதற்குத் தனிப் பொத்தான் இருந்தது. டச்பேடில் தொடுவதே சொடுக்கு என்று ஆக்கியபோதுதான் கை சாயும் திண்ணையில் பொறி வைத்தாயிற்று. 1992இல் வந்த ஐபிஎம் திங்க்பேட் 700சி இதற்கு வேறொரு விடை கண்டது. ஜி, எச், பி விசைகளுக்கு நடுவே சிவப்புக் குமிழ் ஒன்று. கையை எடுக்காமல் விரல்நுனியால் தள்ளலாம். உள்ளங்கைக்கு அங்கே வேலையில்லை. இன்றும் அக்குமிழைக் கைவிடாமல் அம்மரபுக் கணினியையே தேடி வாங்கும் எழுத்தாளர்களைக் கண்டு முன்பு நான் சிரித்ததுண்டு.

டச்பேடுக்கு அழுத்தம் தேவையில்லை. அதன் மேற்பரப்புக்கு அடியில் மின்முனைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் நெருங்கும்போது அங்குள்ள மின்தேக்கத்தில் நிகழும் மிகச்சிறு மாற்றத்தையே கருவி அளக்கிறது. வந்தது விரலா, உள்ளங்கையா என்பதைத் தொடுபரப்பின் அளவும் வடிவும் கொண்டு மென்பொருள் ஊகிக்கிறது. உள்ளங்கை முழுதாக அமர்ந்தால் அது கண்டுபிடித்துவிடும். பெருவிரலின் அடிச்சதை ஓரமாக, ஒரு நொடியினும் குறைவாகப் பட்டு விலகினால், அது விரல்நுனியின் தொடுகை போலவே இருக்கும். ஊகம் அங்கே தவறுகிறது. வியர்த்த கை ஊகத்தை மேலும் குழப்பும். தில்லியின் சூன் மாதத்தில், குளிர்விப்பான் இல்லாத விடுதி அறையில், வியர்க்காத கை ஏது?

விடுதி அறை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் என் கர்சர் வெறிபிடித்து ஆடுவதை நெடுநாள் நான் கவனிக்கவில்லை. நேரு பிளேசில் ஒரு சிறு கடையில் பழுதுபார்க்கும் இளைஞரிடம் கொண்டுசென்றேன். அவர் கணினியைத் திறக்கவேயில்லை. “அக்கா, அறையில் இதன் மூடிமேல் கைவைத்தால் எறும்பு ஊர்வதுபோல் இருக்குமா?” என்று இந்தியில் கேட்டார். இருக்கும் என்றேன். “அப்படியானால் உங்கள் சுவர்ச் செருகியில் எர்த் இல்லை” என்றார். செருகியில் மூன்று துளைகள் இருக்கும். மூன்றாவதன் பின்னால் கம்பி இருக்காது. அந்நிலையில் சார்ஜரின் மின்னிரைச்சல் கணினியின் உடலில் ஏறி நிற்கும். மிகச்சிறு மின்மாற்றங்களை அளக்கும் டச்பேட் அவ்விரைச்சலையும் விரலென்று எண்ணிக்கொள்ளும். சார்ஜரைக் கழற்றிவிட்டு எழுதிப் பாருங்கள். தாவல் குறைந்தால் குறை உங்கள் கையில் இல்லை, சுவரில் இருக்கிறது.

அதே கடையில் அன்று விடுதித் தோழி ஒருத்தியின் கணினியையும் காட்டினோம். தொடாமலே சொடுக்குகள் விழுகின்றன என்பது அவள் முறையீடு. அவர் கணினியைப் பக்கவாட்டில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். டச்பேட் அரிசி மணியளவு மேலெழும்பி நின்றது. அடியில் பேட்டரி உப்பியிருந்தது. அதை உடனே அணைத்துவிட்டு பேட்டரியை மாற்றச் சொன்னார். உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பற்றக்கூடியது; இதை விளையாட்டாகக் கொள்ள வேண்டாம். படிப்போரில் எவருடைய டச்பேடாவது சமமின்றி மேடாகத் தோன்றினால், இப்பதிவைப் பாதியில் விட்டுவிட்டு அதனை முதலில் கவனியுங்கள்.

இது ஆங்கிலத்தில் எழுதுவோருக்கும் உள்ள தொல்லைதானே என்று கேட்கலாம். உண்டு. எனினும் தமிழில் எழுதும்போது அது எடுக்கும் வடிவம் வேறு.

நான் தமிழ்99 விசைப்பலகையில் எழுதுகிறேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்வரிசை பெரும்பாலும் வலக்கையில். இரு கைகளும் மாறி மாறி இயங்கும் அழகான அமைப்பு. ஆயின் இன்று மாணவர் பலர் வாங்கும் 15.6 அங்குலக் கணினிகளில் வலப்புறம் எண்விசைத் தொகுதி இருப்பதால், எழுத்து விசைகள் யாவும் இடப்புறம் தள்ளப்படுகின்றன. டச்பேடைச் சில நிறுவனங்கள் இடைவெளி விசையின் நேர்கீழே வைக்கின்றன. சில, கணினி உடலின் நட்டநடுவே வைக்கின்றன. என்னுடையது இரண்டாவது வகை. எனவே வலக்கையின் உள்ளங்கை டச்பேடின்மேலேயே குடியிருக்கிறது. ஓயாமல் உழைப்பது அந்தக் கைதான்.

அடுத்தது எழுத்தின் இயல்பு. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து இடம்மாறி விழுந்தால் பெரும்பாலும் சொல் சிதைந்து, அடியில் சிவப்புக் கோடு விழும். தமிழில் நாம் கா என்று எழுத இருமுறை விசையை அழுத்துகிறோம். ககரத்துக்கும் துணைக்காலுக்கும் இடையே கர்சர் தாவினால், அக்கால் வேறொரு சொல்லின் இறுதியில் போய் ஒட்டிக்கொள்ளக்கூடும். முந்தைய விசையைத் தன் நினைவில் வைத்து இயங்கும் உள்ளீட்டு மென்பொருள்களில் இது நேர்கிறது. உயிர்க்குறிகளுக்குத் தனி விசைகள் உள்ள இன்ஸ்கிரிப்ட் முறையிலோ சொல்லவே வேண்டாம். கர்சர் எந்த எழுத்தின் பின் நிற்கிறதோ அதனோடு குறி சேர்ந்துவிடும். ‘பல நூல்கள்’ என்பதில் துணைக்கால் விழுந்தால் ‘பலா நூல்கள்’. ஐகாரக் குறி விழுந்தால் ‘சில கல்வெட்டுகள்’ ‘சிலை கல்வெட்டுகள்’ ஆகிவிடும். இகரக் குறியாயின் ‘பல’ என்பது ‘பலி’. எல்லாம் நல்ல தமிழ்ச் சொற்கள். எந்தப் பிழைதிருத்தியும் அவற்றைச் சொல்லளவில் தடுக்காது. நாமோ பெரும்பாலும் தமிழுக்குப் பிழைதிருத்தியே இல்லாமல்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

என் ஆய்வு சுவடிகளின் பாடவேறுபாடு பற்றியது. ஆகவே இந்தத் தொல்லை எனக்கு வேறொரு சிந்தனையையும் தந்தது. ஏடெழுதியோர் செய்த பிழைகளைப் பற்றி நாம் ஏராளமாகப் பேசியிருக்கிறோம். ஓலையில் மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி நிற்கும். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே சொல் இரண்டு அடிகளில் வந்தால் கண் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி, இடைப்பட்ட அடி விடுபட்டுப்போகும். ஓரத்தில் எழுதிய உரைக்குறிப்பு அடுத்த படியில் மூலத்துக்குள் நுழைந்துவிடும். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏடுகளைத் திரட்டி ஒப்புநோக்கியதன் பயன், இத்தகைய பிழைகளுக்கு ஒரு வழித்தடம் இருந்தமையே. இந்த எழுத்து அந்த எழுத்தைப் போன்றது, ஆகவே எழுதியவன் மயங்கினான் என்று சொல்ல முடியும். பிழையிலிருந்து பின்னோக்கி நடந்து மூலத்தை அடையலாம். பிழை செய்தவன் படித்துக்கொண்டே எழுதினான். அவன் மனம் அதில் இருந்தது.

டச்பேடின் பிழைக்கு அத்தகைய வழித்தடம் இல்லை. வடிவொப்புமை, ஓசையொப்புமை, பொருள்மயக்கம் எதுவும் அதற்குக் காரணமன்று. மவுஸ் அம்பு அக்கணத்தில் எங்கே நின்றது என்பதே காரணம். அதற்கோ எந்தப் பதிவும் இல்லை. அச்சுப்பிழைக்குக்கூட ஒரு தர்க்கம் உண்டு; பக்கத்து அறையிலிருந்த எழுத்தைக் கோப்பவர் எடுத்திருப்பார். இங்கே எதைக் கொண்டு எதைத் தேடுவது? எழுதிய நாம் மறுபடி படிக்கும்போதும் நாம் எழுதியதாக நினைப்பதையே படிக்கிறோம். ஆகவேதான் இதனைக் கவனத்தால் வெல்லலாம் என்னும் அறிவுரையை என்னால் ஏற்க முடியவில்லை. கவனம் என்பது எங்கே பிழை வரும் என்று தெரிந்த இடத்தில் உதவும்.

என் கருத்தைச் சுருங்கச் சொல்கிறேன். தட்டினால் சொடுக்கு என்னும் வசதி விற்பனைக்கு வரும் கணினியில் மூடியே இருக்க வேண்டும். வேண்டுவோர் திறந்துகொள்ளட்டும்.

இது புதுமையான கோரிக்கையுமன்று. ஆப்பிள் மடிக்கணினிகளில் அவ்வசதி தொடக்கத்தில் மூடியே இருக்கிறது. அமைப்புகளில் சென்று நாமே திறக்க வேண்டும். லினக்சில் டச்பேடைக் கையாளும் லிபின்புட் என்னும் மென்பொருளின் ஆவணத்தில் இதற்கான நியாயம் எழுதப்பட்டிருக்கிறது. அதன் சாரம்: தட்டல் என்றொன்று உண்டென அறிந்தவர் அதனைத் திறக்கும் இடத்தையும் அறிவார், அல்லது தேடிக் கண்டுபிடிப்பார், அறியாதவருக்கோ எங்கிருந்து வருகிறதென்றே தெரியாத சொடுக்குகள் விழுந்து, கணினியே பழுதென்று தோன்றும். ஆகவே தனிப் பொத்தான் உள்ள கருவிகளில் மூடி வைப்பதே அதன் இயல்புநிலை. அதன்மேல் அமரும் பணிச்சூழல்கள் சில அந்நிலையைப் பிறகு மாற்றிக்கொண்டன என்பது வேறு செய்தி. நம் கடைகளில் விற்கும் விண்டோஸ் கணினிகளிலோ தட்டல் பொதுவாகத் திறந்தே வருகிறது.

இதற்கு எதிர்வாதம் உண்டு, வலுவான எதிர்வாதம். என் விடுதியிலேயே இயற்பியல் ஆய்வாளர் ஒருவருக்குப் பெருவிரல் மூட்டில் வலி. டச்பேடை அழுத்திச் சொடுக்குவது அவருக்குத் துன்பம். மெல்லத் தட்டுவது பேருதவி. மலிவான கணினிகளில் அழுத்தும் அமைப்பு கடினமாகவும் இருக்கிறது. விரைவில் தேய்ந்தும் போகிறது. அவர் கூறியதை மறுக்க என்னால் இயலாது. ஆயினும் அவருக்குத் தம் தேவை தெரியும். தட்டல் மூடியிருந்தால், ‘ஏன் தட்டினால் வேலை செய்யவில்லை’ என்று முதல் நாளே கேட்பார். அரை நிமிடத்தில் திறந்துகொள்வார். தட்டலால் இழப்புற்றவருக்கோ தமக்கு என்ன நேர்ந்தது என்பதே தெரியாது. எனக்கு நெறியாளர் வட்டமிட்டுக் காட்டும்வரை தெரியவில்லை. வேண்டுவோர் கேட்கக்கூடியவர்; பாதிக்கப்படுவோர் கேட்கத் தெரியாதவர். இயல்புநிலை இவர்களுள் யாருக்குச் சாதகமாக இருக்க வேண்டும் என்பதே என் வினா.

கணினி நிறுவனங்கள் என் பதிவைப் படித்து மனம் மாறப்போவதில்லை. ஆகவே நாம் செய்யக்கூடியவற்றையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 11இல் அமைப்புகளைத் திறந்து, புளூடூத்தும் சாதனங்களும் என்னும் பகுதியில் டச்பேடைத் தேர்ந்தால், தட்டல்கள் என்னும் தலைப்பின்கீழ் ஒற்றை விரலால் தட்டிச் சொடுக்குவதற்கு ஒரு குறிப்பெட்டி இருக்கும். அக்குறியை எடுத்துவிடுங்கள். அங்கேயே உணர்திறனுக்கு நான்கு படிகள் உண்டு. மிகக் குறைந்த படியை வைத்தால், தட்டச்சு செய்து முடித்த சிறு இடைவெளிக்குப் பிறகே டச்பேட் தட்டலை ஏற்கும். மவுஸ் இணைத்தவுடன் டச்பேட் தானே அணையும்படியும் அங்கே அமைக்கலாம். பல கணினிகளில் மேல்வரிசை விசை ஒன்றே டச்பேடை அணைத்துவிடும். படம் பார்த்தால் தெரியும். எல்லாவற்றினும் நல்லது, தனியாக ஒரு விசைப்பலகையும் மவுசும் வாங்கிக்கொண்டு கணினியைக் கையெட்டாத் தொலைவில் வைப்பது. இரண்டும் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் ஆயிரம் ரூபாய் எளிய தொகையன்று என்பதை அறிவேன். ஒப்புமை காணும் மென்பொருளுக்கு ஆண்டுதோறும் செலவிடும் நிறுவனங்கள், ஆய்வில் சேர்வோருக்கு முதல் நாளில் ஒரு விசைப்பலகையைத் தரலாம். ஆராய்ச்சி நெறிமுறைகள் என்னும் தாளில் மேற்கோள் காட்டும் முறையை ஒரு பருவம் முழுதும் கற்பிக்கிறோம்; காட்டிய மேற்கோள் கோப்பில் எப்படிக் காணாமற்போகும் என்பதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் என்ன?

நாளுக்கொரு படியைத் தேதியிட்டுச் சேமியுங்கள். அனுப்புவதற்குமுன் முந்தைய படியோடு ஒப்பிட்டு, நீங்கள் தொடாத பத்தியில் மாற்றம் காட்டினால் அங்கே நில்லுங்கள். நெறியாளரிடம் நான் பழைய படியையும் ஒப்பீட்டு அறிக்கையையும் கொண்டுபோய்க் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். “ஓலையைச் செல்லரித்தது, இதை இது அரிக்கிறதா?” என்றார். பிறகு, “மற்ற இயல்களையும் பார்த்துவிடு” என்றார். நம்பினார் என்றே கொள்கிறேன். பழைய படி இல்லாதிருந்தால் நம்பியிருப்பாரா என்று அவரிடம் நான் கேட்கவில்லை.

மற்ற இயல்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு இயல்கள் முடிந்தன. சிறியவையாக மூன்று சிதைவுகள் அகப்பட்டுத் திருத்தப்பட்டன. நான்காவதைத்தான் திருத்த முடியவில்லை. ஈராண்டுக்குமுன் சென்னையில் ஒரு சுவடி நூலகத்தில் அமர்ந்து, ஓலையைப் பார்த்து நேரடியாக மடிக்கணினியில் குறித்த ஒப்புநோக்குக் குறிப்பு அது. அச்சுப் பதிப்பில் ‘சில’ என்றிருக்கும் இடத்தில் அந்த ஏட்டில் ‘சிலை’ என்றிருப்பதாக என் குறிப்பு சொல்கிறது. அவ்வேறுபாட்டை நம்பி நான்காம் இயலில் ஒன்றரைப் பக்கம் வாதிட்டிருக்கிறேன். வாதம் நன்றாகவே வந்திருக்கிறது. ஆயின் அந்த ஐகாரக் குறி ஏடெழுதியவன் இட்டதா, என் பெருவிரல் இட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கோப்புக்குப் பழைய படி இல்லை. ஏட்டைப் படமெடுக்கவும் அன்று நான் அனுமதி பெற்றிருக்கவில்லை.

அடுத்த வாரம் தமிழ்நாடு எக்ஸ்பிரசில் சென்னை செல்கிறேன். இரண்டு இரவுப் பயணம், ஒரே ஓர் ஓலையில் ஒரே ஓர் எழுத்தைப் பார்ப்பதற்கு. இம்முறை பென்சிலும் ஒரு கோடிட்ட நோட்டும் கொண்டுபோகிறேன்.